‘உங்கட வோட்டைப் போட்டாச்சு’ என்றால் என்ன கேட்பது? – தேர்தல் ஆங்கிலத்தில் சில சொற்கள்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கான ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் காசு வாங்காமல் நடத்துகிறார். வருகிறவர்களில் சிலர் வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளோடு தொலைபேசியில் நாலு வசனம் கதைக்க ஆசைப்படுகிறவர்கள். சிலர் வங்கிப் படிவத்தையும் மருந்துச் சீட்டையும் தாங்களே வாசிக்க வேண்டும் என்று வருகிறவர்கள். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ரீச்சர் எனக்கு அழைப்பெடுத்தார். “நீ எலெக்‌ஷன் எழுதுற பிள்ளைதானே. ரெண்டு கிழமைக்கு வந்து அந்தச் சொல்லுகளைச் சொல்லிக் குடு” என்றார்.

நான் ஒரு பட்டியலோடு போனேன். வோட், பலற் பேப்பர், கன்டிடேற், பார்ட்டி, சிம்பல் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கக்கூடிய பட்டியல். பலற் என்பதை முன் வரிசையில் இருந்த ஒருவர் “புலற்” என்று வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே நின்றது. நான் அடுத்த சொல்லுக்குப் போனேன்.

கன்டிடேற் என்ற சொல் ‘வெள்ளை உடுத்தவர்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவர்கள் வெளுத்த அங்கி போட்டுக்கொண்டுதான் வருவார்கள் என்று சொன்னபோது, “எங்கட ஆக்களும் அப்பிடித்தானே, வெள்ளை வேட்டியை இந்த ஒரு மாசந்தானே கட்டுறவை” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கேட்டார்.

“பிள்ளை, ஒருக்கா நான் வோட் போடப் போகேக்க, ‘அம்மா, உங்கட வோட்டைப் போட்டாச்சு’ எண்டு சொல்லிப் போட்டினம். நான் போடேல்லை எண்டன். இல்லை, பேர் வெட்டியாச்சு எண்டினம். பின்னால சனம் நிக்குது. நான் வந்திட்டன். அதுக்கு இங்கிலீசில என்ன சொல்லுறது?”

ரீச்சர் ‘இம்பேர்சொனேஷன்’ என்று கரும்பலகையில் எழுதினார். ஆள்மாறாட்டம். சொல் சரிதான். ஆனால் அது மற்றவன் செய்த குற்றத்தின் பெயர். அந்த அம்மா கேட்டது தனக்கு அந்த இடத்தில் தேவைப்பட்ட சொல்லை. அது எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. பல தேர்தல்கள் பற்றி எழுதியிருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்திருக்கிறேன். இருந்தும், “அடுத்த கிழமை சொல்லுறன் அம்மா” என்றுதான் சொல்ல முடிந்தது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வாசித்தேன். அந்தச் சொல் அங்கே இருந்தது: ‘ரென்டேர்ட் வோட்’.

வீதி போடுவதற்கும் குளம் கட்டுவதற்கும் கேட்கிற ரென்டர்தான் எங்களுக்குத் தெரிந்த ரென்டர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘முன்வைத்தல், கையளித்தல்’ என்பதுதான் அடிப்படைப் பொருள். ஒப்பந்தக்காரர் தன் விலையை முன்வைக்கிறார். இங்கே வாக்காளர் தன் வாக்கை முன்வைக்கிறார். உங்கள் பெயரில் இன்னொருவர் ஏற்கனவே வாக்களித்துவிட்டார் என்று தெரிந்தாலும், நீங்கள்தான் அந்த ஆள் என்று பிரகடனம் செய்து உங்களுக்கென்று ஒரு வாக்குச்சீட்டைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் அடையாளமிட்ட அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகாது. தனியாக, உங்கள் பெயரும் இடாப்பு இலக்கமும் குறிக்கப்பட்டு வைக்கப்படும்.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “அப்ப அதை எண்ணுவினமோ?”

எண்ணமாட்டார்கள். அன்றிரவு வெளியாகும் முடிவில் அது சேராது. தேர்தல் மனு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனால் மட்டும் அந்த உறை திறக்கப்படலாம். ஆங்கிலத்தில் இலெக்‌ஷன் பெற்றிஷன். எங்கள் ஊரில் ‘பெட்டிசம்’ என்றால் பெயர் போடாமல் எழுதுகிற முறைப்பாட்டுக் கடிதம். இது அது இல்லை. பாராளுமன்றத் தேர்தல் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றமும், ஜனாதிபதித் தேர்தல் என்றால் உயர் நீதிமன்றமும் விசாரிக்கிற வழக்கு. சாதாரண வாக்காளர் ஒருவருக்கு அது எட்டாத தூரம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“பிறகு என்னத்துக்குப் பிள்ளை?”

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்: “பதிவு இருக்குமெல்லே. இப்ப உங்கட பேரில நீங்கள் போட்டதெண்டுதானே பதிவு இருக்கு.” காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்காக எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு முன்னால் ஃபைலோடு போய் நின்றவர் அவர். அந்த வகுப்பில் பதிவு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வன்னியில் இது வெறும் சட்டப் புத்தகத்துச் சங்கதி இல்லை. இடம்பெயர்ந்து இன்னும் திரும்பாதவர்கள், கடல் கடந்து போனவர்கள், இறந்தும் பெயர் வெட்டப்படாதவர்கள் என்று இடாப்பில் பெயர் இருந்து ஆள் இல்லாத இடங்களில்தான் கள்ள வோட்டுக்கு வசதி. வாக்களிப்பு நிலையத்தில் பெயரைச் சத்தமாக வாசிப்பதற்கு ஒரு காரணம் இதுதான். உள்ளே இருக்கும் கட்சி முகவர்கள் அதைக் கேட்டு, ஆளை அடையாளம் கண்டு, ஆட்சேபிக்க முடிய வேண்டும். முகவர் தூங்கினாலோ, தெரிந்தே வாயை மூடிக்கொண்டாலோ, கடைசியில் வந்து நிற்கிற உண்மையான ஆளுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு சொல்தான்.

அந்தச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என்னுடைய பழைய பிழை ஒன்றும் அகப்பட்டது. 2015இல் பாராளுமன்றத் தேர்தல் பற்றி நான் எழுதிய ஒரு செய்தியில் ‘ஸ்பொயில்ற்’ வாக்குச்சீட்டையும் ‘றிஜெக்ரெட்’ வாக்குச்சீட்டையும் ஒன்றாக்கி, ‘செல்லுபடியற்றவை’ என்று எழுதியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை. ஏனென்றால் தமிழில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு, அந்த வேறுபாட்டில் ஒரு உரிமை இருக்கிறது. ஸ்பொயில்ற் என்பது நீங்கள் கைதவறிப் பழுதாக்கிய சீட்டு. பெட்டிக்குள் போடுவதற்கு முதல் அதைத் தலைமை தாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்கலாம். றிஜெக்ரெட் என்பது எண்ணும்போது நிராகரிக்கப்படுவது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வகுப்பில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சீட்டை மாற்றிக் கேட்கலாம் என்பது தெரிந்திருக்கவில்லை. “பிழையா விழுந்தா அப்பிடியே மடிச்சுப் போட்டிட்டு வாறதுதான், கேட்டா ஏசுவினம் எண்டு பயம்” என்றார் ஒருவர்.

இதன் கனம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகள் 358,079. அவற்றில் நிராகரிக்கப்பட்டவை 32,767. நூற்றுக்கு ஒன்பது. அதே மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த தமிழ்க் காங்கிரஸ் 27,986 வாக்குகளோடு ஒரு ஆசனம் பெற்றது. அதாவது குப்பைக்குப் போன சீட்டுகள் ஒரு உறுப்பினரைத் தெரிவு செய்த சீட்டுகளைவிட அதிகம். இதில் வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இருப்பார்கள். கோபத்தில் வசனம் எழுதி வைத்துவிட்டு வருகிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் எல்லோரும் அப்படியல்ல.

குழப்பத்துக்கு ஒரு பெரிய காரணம் இன்னொரு சொல்: ‘பிரிபரன்ஸ்’. தமிழில் விருப்பு வாக்கு. இந்தச் சொல்லை நாங்கள் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி போட்டபின், அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் விரும்பிய மூவர் வரை அவர்களது இலக்கங்களின் மேல் புள்ளடி போடுவதுதான் விருப்பு வாக்கு. அங்கே முதல், இரண்டு, மூன்று என்ற வரிசை கிடையாது, மூவரும் சமம். ஜனாதிபதித் தேர்தலில் அப்படியில்லை. அங்கே விருப்பு என்பது வரிசை. முதல் விருப்பத்துக்கு 1, அடுத்ததுக்கு 2, அதற்கடுத்ததுக்கு 3 என்று எண் எழுத வேண்டும். ஒருவரை மட்டும் விரும்பினால் ஒரு புள்ளடி போதும். எண்ணையும் புள்ளடியையும் ஒரே சீட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமாக அடையாளமிடும் முறை. உள்ளூராட்சியில் விருப்பு வாக்கே இல்லை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி. படித்தவர்களும் தடுமாறினார்கள். இதில் வாக்காளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான், எங்கள் வரலாற்றில் முதற்தடவையாக, இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அதற்கு முந்திய எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் யாரோ ஒருவர் முதற்சுற்றிலேயே பாதிக்கு மேல் எடுத்திருந்தார். இந்த முறை அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். ஆகவே மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து, அவற்றில் இந்த இருவரில் யாருக்காவது 2 அல்லது 3 இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவை 33 இலட்சத்துக்கும் மேல். அநுரவுக்குக் கூடியது 105,264, சஜித்துக்குக் கூடியது 167,867. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு எட்டு அளவில்தான் வருகிறது. மற்றவர்கள் 2, 3 எழுதவில்லை, அல்லது இந்த இருவருக்கும் எழுதவில்லை. சங்குச் சின்னத்தில் போட்டியிட்ட பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு விழுந்த 226,343 வாக்குகளும் இந்தக் குவியலுக்குள்தான் இருந்தன.

சங்குக்குப் போட்டவர்கள் இரண்டாவது விருப்பத்தை எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் விடுவதும் ஒரு தெரிவுதான். ஆனால் வகுப்பில் கேட்டபோது, சங்குக்கு வாக்களித்தவர்களில் பலர், இரண்டாவதை எழுதினால் முதலாவது வாக்கின் பெறுமதி குறைந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். அப்படி இல்லை. முதலாவது ஆள் வெளியேறிய பின்னர்தான் இரண்டாவது பார்க்கப்படும். இதை ஒரு தேர்தல் மேடையிலும் ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை என்றார்கள்.

புள்ளடி என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். புள்ளின் அடி. மண்ணில் பதிந்த பறவைக் காலடி போல இருப்பதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் ‘குறொஸ்’. பள்ளிக்கூடத்தில் குறொஸ் என்றால் பிழை, ‘ரிக்’ என்றால் சரி. வாக்குச்சீட்டில் மட்டும் பிழையின் அடையாளம்தான் விருப்பத்தின் அடையாளம். அங்கே இருந்த ஒருவரின் மகள், முதல் வாக்குப் போடப் போனபோது, தான் வெறுக்கிற கட்சிக்கு நேரே குறொஸ் போட்டுவிட்டு வந்தாளாம். அம்மாவும் மகளும் இன்னும் அதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

இரண்டாவது வகுப்பில் ‘இலெக்ரோறல் டிஸ்ரிக்ற்’, ‘போலிங் டிவிஷன்’ என்ற இரண்டையும் எடுத்தோம். தேர்தல் மாவட்டம், தேர்தல் தொகுதி. கிளிநொச்சி நிர்வாகத்துக்குத் தனி மாவட்டம், தேர்தலுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதி. முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். நாங்கள் வன்னி என்று சொல்லிக்கொள்கிற கிளிநொச்சி, தேர்தல் வன்னிக்குள் இல்லை. கனடாவில் இருக்கும் என் மச்சாளிடம் கேட்டால் தொகுதிக்கு ‘றைடிங்’ என்பாள். சவாரி என்று மொழிபெயர்த்தால் எங்கள் ஊரில் மாட்டு வண்டிதான் ஓடும்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள். 2015இல் ஏழு. 2024இல் ஆறு. யாரும் வந்து பிடுங்கவில்லை. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களுக்குரியவை. அதில் மாகாணத்துக்கு நாலு என்று 36 போக, மிச்சம் 160உம் பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி பிரிக்கப்படும். செத்தவர்கள், போனவர்கள், பதியாமல் விட்டவர்கள் எல்லோரும் இந்தக் கழித்தலில் இருக்கிறார்கள். இடாப்புத் திருத்தத்தின்போது உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் நீங்கள் கொடுப்பது ‘கிளெய்ம்’. காப்புறுதிக்காரரின் கிளெய்ம் அல்ல, பெயரைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை. தகுதியில்லாத ஒருவரின் பெயர் இருந்தால் கொடுப்பது ‘ஒப்ஜெக்‌ஷன்’. கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தை அயலவர் நிரப்பட்டும் என்று விடாதீர்கள் என்பதைத்தான் அன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

‘பிரான்சைஸ்’ என்ற சொல்லை எழுதியதும் இளையவர் ஒருவர், “அது கேஎஃப்சி மாதிரிக் கடை எடுக்கிறதெல்லோ” என்றார். அந்தச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் ‘கட்டற்ற’ என்ற பொருளில் இருக்கிறது. கடைக்கும் அதுதான், வாக்குக்கும் அதுதான். ‘டிஸ்பிரான்சைஸ்’ என்றால் வாக்குரிமையைப் பறித்தல். 1947இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தபின், 1952இல் ஒருவர்கூட இல்லை. இதை நான் சொல்லி முடிக்க முதல், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருவர் சொன்னார்: “எங்க தாத்தா சாகும்வரைக்கும் ஓட்டுப் போட்டதில்ல. கார்டு இல்லாத ஆளுன்னு சொல்லுவாங்க.” அவர் வாயிலிருந்து வந்த தமிழும் வேறு, சங்கதியும் வேறு. வடக்கில் வாழ்கிற எங்களுக்கே அந்தக் கதை சரியாகத் தெரியாது என்பது அன்று கொஞ்சம் உறைத்தது.

‘பொய்கொற்’ என்ற சொல்லுக்கு வரும்போது அறை அமைதியானது. 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒதுக்கி வைத்த சார்ள்ஸ் பொய்கொற் என்ற காணி முகாமையாளரின் பெயர்தான் அந்தச் சொல் ஆனது. இலங்கையில் சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதற்தேர்தலே 1931இல் வடக்கில் பகிஷ்கரிக்கப்பட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் நாலு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆனால் வகுப்பில் யாரும் 1931ஐ நினைக்கவில்லை. எல்லோருக்கும் 2005தான்.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்திருந்த 701,938 பேரில் வாக்களித்தவர்கள் 8,524. ‘ரேண்அவுற்’, அதாவது வாக்களிப்பு வீதம், 1.21. நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்சவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இருந்த வித்தியாசம் 180,786. அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதினேன். ‘அப்ஸ்ரெயின்’ – நான் என் பாட்டில் வாக்களிக்காமல் இருப்பது. ‘பொய்கொற்’ – நாங்கள் சேர்ந்து, ஒரு செய்தி சொல்வதற்காக வாக்களிக்காமல் இருப்பது. ‘சப்ரெஸ்’ – வாக்களிக்க விரும்புகிறவரை வாக்களிக்க விடாமல் செய்வது. தமிழில் அந்த நாளை நாங்கள் ‘புறக்கணிப்பு’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். தமிழ் மக்களுக்கு இந்தத் தேர்தலில் அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகள் அறிவித்திருந்தார்கள். வாக்களிக்கப் போகவிருந்தவர்கள் தடுக்கப்பட்டதையும் பயந்து நின்றதையும் தேர்தல் கண்காணிப்பாளர்கள் பதிவு செய்தார்கள்.

எந்தச் சொல் சரி என்று நான் கேட்கவில்லை. அவர்களே தொடங்கினார்கள். “நான் மனதோடதான் போகேல்லை. ரெண்டு பேரும் ஒண்டுதான் எண்டு நினைச்சம்” என்றார் ஒருவர். “எனக்குப் போக விருப்பம். போயிருந்தா வீட்டில கதவு இருந்திராது” என்றார் இன்னொருவர். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. இருபது வருடமாக அயலவர்கள். இதை இதற்கு முதல் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை என்று பிறகு ரீச்சர் சொன்னார். ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தவர்கள் இரண்டு மூன்று சொல் கிடைத்ததும் பிரிந்து நின்று பேசினார்கள். சண்டை வரவில்லை. தேத்தண்ணி வந்தது.

நீளமான சொல்லாக இருந்தாலும் ‘டிலிமிற்றேஷன்’ என்பதை எழுத்துக் கூட்டிப் பழக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எல்லை நிர்ணயம். வடக்கு மாகாண சபைக்கு இதுவரை நடந்த ஒரே தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை வரையப்பட வேண்டும். வரைந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை, இடையில் தேர்தல் நின்றுவிட்டது. தேர்தல் ‘தடைசெய்யப்பட்டது’ என்று எங்கேயும் எழுதியிருக்காது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தேவையே வரவில்லை. ஆகவே கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் டிலிமிற்றேஷன் என்ற தலைப்பைக் கண்டால் நில அளவைச் செய்தி என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு தாய், மகனுக்காகக் கேட்டார். 2009இல் ஷெல் பட்டதில் மகனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் அலுவலர்கள் போட்டுக் கொடுப்பார்கள். சொன்ன இடத்தில்தான் போட்டார்களா என்று அவனுக்குச் சந்தேகம். 2011ஆம் ஆண்டின் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டப்படி அவன் தான் நம்பும் ஒருவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாம். கூடப் போகிறவர் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. முன்கூட்டியே கிராம அலுவலரிடம் படிவம் வாங்கி, அரச வைத்தியரிடமும் உறுதிப்படுத்திய தகுதிச் சான்றிதழைக் கொண்டு போக வேண்டும். ‘எலிஜிபிலிற்றி சேர்டிபிக்கேற்’ என்று அந்தத் தாய் கொப்பியில் எழுதினார். கண் மட்டுமல்ல, கை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். வாக்காளர் அட்டை தொலைந்திருந்தாலும் இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

முடிவில் முதல் வாரம் கேள்வி கேட்ட அம்மா எழும்பி, தான் சொல்ல வேண்டிய வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். அங்கே அலுவலர் தமிழராகத்தான் இருப்பார், தமிழிலேயே கேட்கலாம் என்று சொன்னேன். “தமிழில கேட்டுத்தானே திரும்பி வந்தனான்” என்றார். சேமிப்புப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்: ‘ஐ வோன்ற் ரு காஸ்ற் எ ரென்டேர்ட் வோட்.’ பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்தார். காஸ்ற் என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடங்கியது.

மே 6 பின்னேரம் ரீச்சருக்கு அழைத்துக் கேட்டேன். அம்மா காலையிலேயே போய், தன் பெயரில் தானே வாக்களித்துவிட்டு, விரலில் மையோடு வந்து காட்டினாராம். அந்த வசனத்துக்குத் தேவை வரவில்லையாம். பாடமாக்கிக்கொண்டு போனது சும்மா போய்விட்டது என்று கொஞ்சம் கவலை என்றார் ரீச்சர்.